பெயரில்லா எலும்பு

ஜூலை 8, திங்கள்

யாரோ ஒருத்தர், மருத்துவ மாத இதழ் ஒன்று நடத்துகிறாராம். காலையிலேயே போன். "எலும்புகளோட பேர்க்காரணம் பத்தி ஒரு கட்டுரை வேணும் சார். ஜாலியா இருக்கட்டும். சின்னதா இருந்தா போதும்" என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் நடத்தியவனிடம் சின்னதாக, ஜாலியாக ஒன்று கேட்கிற தைரியம் இந்தக் காலத்து ஆசிரியர்களுக்குத்தான் வரும். எந்த எலும்பு என்று கேட்டேன். "எதுவானாலும் சரி சார். மண்டையோடு மாதிரின்னா படம் போட நல்லாயிருக்கும்."

போனை வைத்துவிட்டேன். அப்புறம் யோசித்தேன். நான் எழுதாவிட்டால் வேறு எவனாவது அரைவேக்காடு இன்டர்நெட்டில் வழித்து எழுதுவான். அதற்கு நானே எழுதித் தொலைக்கலாம். ஆனால் மண்டையோடு கிடையாது. இன்னாமினேட் எலும்பைப் பற்றித்தான் எழுதுவேன். இடுப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக இருக்கும் பெரிய எலும்பு. லத்தீனில் 'இன்' என்றால் இல்லை, 'நோமென்' என்றால் பெயர். ஆஸ் இன்னாமினேட்டம், அதாவது பெயரில்லா எலும்பு.

பழைய ஆட்கள் எலும்புகளுக்குக் கண்ணில் பட்ட சாமான்களின் பெயரை வைத்தார்கள். முழங்கால் சில்லு, சின்னத் தட்டு. காறை எலும்பு, சின்னச் சாவி. முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பு, புல்லாங்குழல். இந்த இடுப்பெலும்பு மட்டும் எந்தச் சாமானைப் போலவும் இல்லை. கேலன் என்ற கிரேக்க வைத்தியர், இதற்கு முன்னோர் பெயர் வைக்கவில்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். பின்னால் வந்தவர்கள் அதையே பெயராக்கிவிட்டார்கள்.

இதைச் சாயங்காலம் வீட்டுக்காரியிடம் வாசித்துக் காட்டினேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பேரே இல்லேன்னா எப்படிக் கூப்பிடுவாவ?" என்றாள்.

"பேரில்லாததுன்னே கூப்பிடுவாங்க. அதுதான் பேர்."

"நல்ல கூத்து" என்று சொல்லிவிட்டு வெண்டைக்காயை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். இவ்வளவுதான் இந்த வீட்டில் அறிவு விவகாரத்துக்குக் கிடைக்கும் மரியாதை.

ஜூலை 9, செவ்வாய்

கையில் வைத்துப் பார்த்து எழுதினால்தான் எனக்கு ஓடும். என் எலும்புப் பெட்டி பரணில் கிடக்கிறது. தொண்டையைச் செருமினேன். வந்தாள். பெட்டியை எடுக்கச் சொன்னேன். "எலெக்ட்ரீசியன் பையன் நாளைக்கு வாரான், எடுக்கச் சொல்லுவோமா?" என்றாள். ஒரு பெட்டியை இறக்க எலெக்ட்ரீசியனா? ஸ்டூலில் ஏறினாள். ஸ்டூலில் ஏறுகிறவர்கள் ஒழுங்காகக் கால் ஊன்றி ஏற வேண்டாமா? பெட்டியோடு சேர்ந்து விழுந்தாள்.

பெட்டி திறந்துகொண்டு எலும்புகள் கூடம் முழுக்க உருண்டன. என் இன்னாமினேட் அலமாரிக்குக் கீழே போய்விட்டது. நல்லவேளை, ஒரு கீறல்கூட இல்லை.

அவளுக்கு வலது பக்கம் அடி. கால் கிடந்த கிடையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே எலும்பு. தொடையெலும்பின் தலை உட்காரும் குழி நொறுங்கியிருக்கிறது. அந்தக் குழிக்கு லத்தீனில் அசிடாபுலம், ரோமானியர்கள் வினிகர் ஊற்றி வைக்கும் கிண்ணம்.

ஆம்புலன்ஸ்காரன் என்னிடம், "அம்மா எப்படி சார் விழுந்தாங்க?" என்றான். அவன் வேலை வண்டி ஓட்டுவது.

ஜூலை 10, புதன்

பாளையங்கோட்டையில் இருக்கிற தனியார் ஆஸ்பத்திரி. முன்கூடத்தில் கண்ணாடி, செயற்கை அருவி, மேலே இருக்கிற வார்டில் ஃபேன் ஓடவில்லை. பதிவு செய்யும் பெண் "பேஷன்ட் பேர் சொல்லுங்க" என்றாள். ஆதார் கார்டை நீட்டினேன். கார்டு இருக்கும்போது வாயால் எதற்குச் சொல்ல வேண்டும்?

எலும்பு டாக்டர் ஜெபராஜ் என் மாணவன். இதே எலும்பை வாய்மொழித் தேர்வில் தலைகீழாகப் பிடித்தவன். நான்தான் பாவம் பார்த்துத் தேற்றிவிட்டேன். அவன் கையில்தான் இன்று கத்தி. எக்ஸ்ரேயைக் காட்டி, "ஹிப் போன் சார்" என்றான்.

"இன்னாமினேட்" என்றேன்.

"இப்ப யாரும் அப்படிச் சொல்றதில்ல சார்" என்று சிரித்தான். இப்போது யாரும் ஒன்றும் படிப்பதில்லை என்பதைத்தான் நாசூக்காகச் சொல்கிறான்.

சனிக்கிழமை ஆபரேஷன். அதற்கு மேல் தள்ளக் கூடாது என்றான். "உங்களுக்குத் தெரியாததில்ல சார். இந்த வயசுல படுக்கையிலயே கெடந்தா நெஞ்சுல சளி கட்டும், கால்ல ரத்தம் உறையும். அப்புறம் நம்ம கையில இல்ல." எனக்குத் தெரியாததில்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

ஜூலை 11, வியாழன்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து மச்சினர் உலகநாதபிள்ளை வந்து இறங்கிவிட்டார். அவளுடைய அண்ணன். பலசரக்குக் கடை வைத்திருந்தவர். இப்போதும் ஆள் வந்தால் கூடவே பெருங்காய வாசனை வருகிறது. ஒரு தூக்குவாளியில் கஞ்சி, ஒரு பையில் சீப்பு, திருநீறு, விசிறி. வார்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அவளை அந்தப் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் அழத் தொடங்கிவிட்டாள். இரண்டு நாளாக என்னிடம் ஒரு சொட்டுக் கண்ணீர் காட்டாதவள்.

அந்தப் பெயர் விவகாரம் இதுதான். எங்கள் அம்மாவுக்கும் இவளுக்கும் ஒரே பெயர். ஜாதகம் பார்த்தவர்கள் இதைப் பார்க்கவில்லை. மணவறையை விட்டு இறங்கினதுமே அம்மா சொல்லிவிட்டாள்: "என் பேரைச் சொல்லி எம்மவன் பொண்டாட்டிய ஏசுவானா? இன்னையிலேருந்து இவ சரோஜா." எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். ஒன்றும் உலகத்தில் இல்லாத காரியம் அல்ல. இவளும் சரி என்று தலையாட்டினாள்.

அதற்காக அம்மா இவளைச் சரோஜா என்று கூப்பிட்டாளா என்றால் அதுவும் இல்லை. "ஏளா" என்பாள். நான் செருமுவேன், இல்லாவிட்டால் "இந்தா" என்பேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்தால் இன்னாருடைய அம்மா என்று கூப்பிட்டிருக்கலாம். சரோஜா என்பது ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் கேஸ் புத்தகத்திலும் இருந்தது. அதனால் ஒரு குறையும் வரவில்லை. காப்பி நேரத்துக்கு வந்தது.

அம்மா போய்ப் பல வருஷமாகிறது. இருந்தாலும் பெற்றவள் பெயரை வாயால் சொல்வதோ கையால் எழுதுவதோ எனக்குப் பழக்கமில்லை. மச்சினருக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு, "கஞ்சி குடிக்கியா, காலு வலிக்கா" என்று ஒரே அமர்க்களம்.

ஜூலை 12, வெள்ளி

ஆஸ்பத்திரி கேன்டீன் இட்லி. சுவரில் எறிந்தால் திரும்பி வரும்.

ஜூலை 13, சனி

இன்றைக்கு ஆபரேஷன் நடக்கவில்லை. முட்டாள்களின் கைங்கரியம். வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் நான் ரிப்போர்ட்டுகளை ஜெராக்ஸ் எடுக்கக் கீழே போயிருந்தேன். டியூட்டி டாக்டர் என்று ஒரு பையன், பிரணவ் என்று பெயர், மெட்ராஸிலிருந்து வந்தவன். ஆபரேஷனுக்கு முன் நோயாளிக்கு நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறான். பக்கத்தில் மச்சினர்தான் இருந்தார். அவர் சொன்னதைக் கொண்டு எழுதுகிறேன்.

"அம்மா, உங்க பேர் என்ன?"

அவள் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பழைய பெயரைச் சொல்லியிருக்கிறாள். பையன் கையிலிருந்த தாளைப் பார்த்திருக்கிறான். தாளில் சரோஜா.

"உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?"

அவள் சிரித்திருக்கிறாள். "அதெப்படி என் வாயால சொல்லுவேன்?"

"தெரியலையா? யோசிச்சு சொல்லுங்க."

"கோமதியம்மன் வீட்டுக்காரர் பேருதான்."

"யாரு?"

"சங்கரன்கோயில்ல இருக்காரே, அவரு."

என் பெயர் சங்கரலிங்கம். சங்கரன்கோயில் சாமியின் பெயர் அதுதான், அம்மன் கோமதி. இந்தப் பக்கத்தில் எந்தச் சின்னப்பிள்ளைக்கும் இது விளங்கும். புருஷன் பெயரைச் சொல்லாத பொம்பளைகள் இப்படித்தான் சுற்றி வளைத்துச் சொல்வார்கள். இந்தப் பையனோ எழுதிவிட்டான்: நோயாளி தன் பெயரைத் தவறாகச் சொல்கிறார். கணவர் கோயிலில் வசிப்பதாகக் கூறுகிறார். மனக்குழப்பம்.

மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் அதை வாசித்துவிட்டு மாட்டேன் என்றுவிட்டார். மூளையில் ரத்தக்கட்டு இருக்கலாம், ஸ்கேன் எடுக்க வேண்டும், நரம்பு டாக்டர் பார்க்க வேண்டும், அவர் திங்கட்கிழமைதான் வருவார். நான் போய் விளக்கினேன். "உம்ம டாக்டர் பையனுக்குத்தான் முதல்ல மூளையை ஸ்கேன் எடுக்கணும்" என்றும் சொன்னேன். அதை அவர் ரசிக்கவில்லை. "தாள்ல ஏறிட்டா ஏறினதுதான் சார். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்" என்றார்.

வார்டுக்குத் திரும்பி மச்சினரை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்றால், செருமினேன்.

"உங்களாலதான் ஆபரேஷன் நின்னுபோச்சு. அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லி அவ மண்டையில ஏத்தி வச்சிருக்கீங்க."

"மாப்ளே, பேரைக் கேட்டான், பேரைச் சொன்னா. இதுல என்ன தப்பு?"

"அது அவ பேர் இல்ல. சரோஜாதான் அவ பேர்."

"அந்தப் பேரைச் சொல்லியாவது நீங்க ஒருநா கூப்பிட்டிருக்கியளா?" என்றார்.

மிளகாய் வற்றல் நிறுத்துக்கொண்டிருந்த ஆள் என்னைக் கேள்வி கேட்கிறார். இனி இந்த வார்டுப் பக்கம் வர வேண்டாம், அவளை எனக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியும் என்று சொன்னேன். இன்னும் இரண்டு வார்த்தை கூடச் சொன்னேன். பெருங்காயம் பற்றி. மனுஷன் உள்ளே போய் அவள் தலையைச் சீவிவிட்டு, திருநீறு பூசிவிட்டு, பையை வைத்துவிட்டுப் பஸ் ஏறப் போய்விட்டார்.

"அண்ணன் எங்க?" என்றாள்.

"ஊருக்குப் போயாச்சு."

சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு தடவை இருமினாள். கேட்க நன்றாக இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

குளிக்க வீட்டுக்கு வந்தேன். காப்பிப் பொடி எங்கே வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை. ஒரு சாமான் வைத்த இடத்தில் இல்லை. மூன்று டப்பாவைத் திறந்தேன், மூன்றிலும் பருப்பு. வெந்நீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

கட்டுரையைத் தொடர்ந்தேன். குழந்தைகளுக்கு இந்த எலும்பு ஒன்றாக இருப்பதில்லை. மூன்று தனித்தனி எலும்பு. மூன்றுக்கும் தனித்தனியாக நல்ல பெயர் உண்டு: இலியம், இஸ்கியம், பியூபிஸ். வயது வந்ததும் மூன்றும் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிக்கொண்ட பிறகுதான் பெயர் இல்லாமல் போகிறது. உடம்பில் நிற்பது, நடப்பது, உட்காருவது எல்லாம் இதன் தலையில்தான் விடிகிறது. மேலே இருக்கிற பாரம் முழுக்க இதன் வழியாகத்தான் காலுக்கு இறங்குகிறது. அப்படியிருந்தும் கேலனுக்கு இதற்கு ஒரு பெயர் வைக்கத் தோன்றவில்லை. ரோமாபுரி ராஜாக்களுக்கே வைத்தியம் பார்த்த பெரிய மனுஷன்! பக்கம் பக்கமாக எழுதினவனுக்கு ஒரு வார்த்தைக்குப் பஞ்சம் வந்துவிட்டது.

மேஜையில் கிடந்த எலும்பைத் துடைத்து வைத்தேன். துணி போதவில்லை. வேறு துணி வேண்டுமென்று செருமினேன். தொண்டை கட்டியிருக்கிறது, வேறொன்றுமில்லை.

ஜூலை 15, திங்கள்

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இருக்காது என்று நான் சனிக்கிழமையே சொன்னேன். நரம்பு டாக்டர் தென்காசிக்காரர். கோமதியம்மன் கதையைக் கேட்டதும் நோயாளியின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க அம்மாவும் இப்படித்தான். அப்பா பேர் ஆறுமுகம். 'மூணும் மூணும் சேர்ந்த முகம்'பாங்க." உடனே எழுதிக்கொடுத்துவிட்டார். நாளைக்கு ஆபரேஷன்.

ஆனால் இரண்டு நாள் வீணாகப் போய்விட்டது. சளி கட்டிவிட்டது. ஜெபராஜ் மார்பில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். மாணவனாக இருந்தபோதும் பதில் தெரியாவிட்டால் இப்படித்தான் தரையைப் பார்ப்பான்.

அவளிடம் காப்பிப் பொடி எங்கே என்று கேட்டேன். மூச்சு வாங்க, "ரெண்டாவது தட்டுல, நீல மூடி" என்றாள். அப்புறம், "அண்ணனுக்கு நாளைக்குன்னு சொல்லிட்டியளா?" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

இதழ் ஆசிரியர் மறுபடி போன். "கட்டுரை ரெடியா சார்? பேரில்லா எலும்பா? தலைப்பு கொஞ்சம் சோகமா இருக்கே." அவர் கண்டுபிடித்துவிட்டார்.

ஜூலை 16, செவ்வாய்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். தள்ளுவண்டியில் போகும்போது என்னைப் பார்த்து, "சாப்ட்டியளா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை. அந்த இட்லியை எவன் தின்பான்.

மத்தியானம் ஜெபராஜ் வெளியே வந்தான். எலும்பைச் சேர்த்தாகிவிட்டது, நல்லபடியாக முடிந்தது என்றான். ஆனால் மயக்கம் தெளிய வேண்டிய நேரம் தாண்டிவிட்டது, கண் திறக்க மாட்டேன் என்கிறாள். மூச்சும் சரியில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுத் திரும்ப மூச்சுக்குக் குழாய் போட வேண்டி வரலாம். "ஒரு தடவை குழாய் போட்டுட்டா, இந்த நெஞ்சு இருக்கிற நிலைமைக்கு, எடுக்கறது கஷ்டம் சார். நீங்க உள்ள வாங்க. பழகின குரல் கேட்டா முழிப்பாங்க."

போனேன். எஸ்தர் என்ற நர்ஸ் அவள் கன்னத்தைத் தட்டித் தட்டி, "சரோஜாம்மா! சரோஜாம்மா! கண்ணத் தொறங்க!" என்று கத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பெயருக்கு இவள் என்றைக்குத் திரும்பிப் பார்த்தாள்? கேஸ் சிலிண்டர்காரன் கூப்பிட்டால்கூட 'யாரைக் கூப்பிடுதான்' என்று என்னைத்தான் பார்ப்பாள். நர்ஸ் ஊரில் இல்லாத ஒருத்தியை எழுப்பிக்கொண்டிருந்தாள்.

நான் செருமினேன். அசைவில்லை. இன்னும் பலமாகச் செருமினேன். "இந்தா" என்றேன். பக்கத்துக் கட்டிலில் ஆபரேஷன் முடிந்து கிடந்த பொம்பளை தலையைத் திருப்பி "என்ன?" என்றாள். இவள் கிடந்தபடியே கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"சார், பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க சார்" என்றான் ஜெபராஜ்.

எந்தப் பெயரை? அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆளை நான் பஸ் ஏற்றி அனுப்பியிருந்தேன். இன்றைக்கு ஆபரேஷன் என்றுகூட அவருக்குச் சொல்லவில்லை. அந்தப் பிரணவ் பையன் கையில் தாளோடு நின்றான். எஸ்தர் என்னையே பார்த்தாள். உடம்பில் இருக்கிற அத்தனை எலும்புக்கும் லத்தீனில் பெயர் சொல்லுவேன், இவர்கள் யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கட்டும். பயந்துவிட்டேன். எழுதியாகிவிட்டது, இருக்கட்டும்.

குனிந்தேன். காதுப் பக்கத்தில் திருநீறு இன்னும் ஒட்டியிருந்தது.

"ஆவுடை" என்றேன்.

சத்தமே வரவில்லை. எஸ்தர், "இன்னும் சத்தமா சார்" என்றாள்.

"ஆவுடை! ஏ ஆவுடை!"

புருவம் சுருங்கியது. இன்னொரு தடவை கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் பார்த்தாள், எழுந்திருக்கப் போகிறவளைப் போலச் சேலைத் தலைப்பைத் தேடினாள்.

"அத்தை வந்திருக்காவளா?" என்றாள்.

பிரணவ் பேனாவை எடுத்தான். "பேனாவ மூடுடே" என்று ஒரு சத்தம் போட்டேன். மூடிவிட்டான்.

"அம்மா இல்ல" என்றேன். "உன்னத்தான் கூப்பிட்டேன்."

வெகுநேரம் என்னைப் பார்த்தாள். மயக்கத்தில் பார்க்கிறாள் என்று எஸ்தர் சொன்னாள். இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும். அப்புறம் "ம்" என்றாள். மூச்சை நன்றாக இழுத்து விடச் சொன்னார்கள், விட்டாள்.

வராந்தாவுக்கு வந்து மச்சினருக்குப் போன் போட்டேன்.

"ஆபரேஷன் ஆயிட்டு. ஆவுடை கண்ணு முழிச்சிட்டா" என்றேன்.

அந்தப் பக்கம் ஏதோ கடையில் நிற்கிறார் போல, பின்னால் தராசுத் தட்டு விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"மாப்ளே" என்றார். "இன்னொரு தடவ சொல்லுங்க."

காது மந்தமான ஆளுக்கு ஒரு விஷயத்தை எத்தனை தடவைதான் சொல்வது?

சொன்னேன்.